பால் சுமந்த பேட்டரி வண்டி

ஏகாம்பரத்துக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்திட்டு, யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பவன் போலத்தான் உட்காருவான். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பேட்டரி அறையில் அவனுக்கு வேலை. சரக்குப் பெட்டிகளை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குக் கொண்டுபோகும் மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் போட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தொழிற்சாலையை ஒருநாள் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான். பழைய சாமான்களை ஏலம் விட்டபோது மற்றவர்கள் இரும்பும் மரமும் எடுத்தார்கள். ஏகாம்பரம் ஒரு மின்சார வண்டியையும் அதன் சார்ஜரையும் எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு தன் ஊரான காவாந்தண்டலத்தில் வந்து இறங்கினான்.

வண்டி என்று அதைச் சொல்ல முடியுமா என்பதே அவன் மனைவி சுலோச்சனாவுக்குச் சந்தேகமாக இருந்தது. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பலகை, முன்னால் நின்று ஓட்ட ஒரு தட்டு. அவ்வளவுதான். எஞ்சின் இல்லை, டேங்க் இல்லை, புகை போகக் குழாய் இல்லை.

"மாமா, இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்டாள். ஏகாம்பரம் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான்.

"பாத்துக்கினே இரு" என்றான். என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்கும் தெரியாது.

அடுத்து வந்த நாட்களில் அவன் சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு டிராக்டர் டிரெய்லரின் பழைய சக்கரங்களை மாட்டினான். நின்று ஓட்டும் தட்டில் ஒரு நாற்காலியை வைத்து போல்ட் போட்டான். பலகைக்கு அடியில் பன்னிரண்டு செல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மூடி. மாலையானால் மூடிகளைத் திறந்துவிட்டு சார்ஜரை மாட்டுவான். செல்களுக்குள் அமிலம் குமிழ்விடும் சத்தம் கேட்கும். புளித்த நெடி ஒன்று வீட்டுக்குள் வரும். சுலோச்சனா மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் வேறு வேடிக்கையும் இல்லை.

வண்டிக்கு வேலை கொடுத்தது டீசல் பஞ்சம். எண்பதாம் வருஷம் பொங்கலுக்கு முன்பிருந்தே பம்புகளில் டீசல் இல்லை. எங்கேயோ வெளிதேசத்தில் கலவரம், எண்ணெய் வரவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். கேன்களோடு ஆட்கள் சாலையோரம் படுத்துக் கிடந்தார்கள். உத்திரமேரூர் குளிர்நிலையத்துக்குப் பால் ஏற்றிப் போன வேன் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு நின்றேபோனது. மாட்டுவண்டியில் அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்தது. பால் சங்கத் தலைவர் தாண்டவராயன், காலையில் கறந்துகொண்டு வந்த பெண்களிடம் "வேணாம்மா, எடுத்துக்கினு போங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான்கு எருமை வைத்திருந்த அம்முலு அவருக்கு எதிரிலேயே குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே ஏகாம்பரம் தாண்டவராயன் வீட்டுக்குப் போனான்.

"தலைவரே, என் வண்டில ஏத்து. டீசல் வேணாம், பெட்ரோல் வேணாம்."

"அது உத்திரமேரூர் வரிக்கும் போவுமாய்யா?"

"ஒன்றரை மணி நேரத்துல கொண்டுபோயி சேத்துடறேன். அங்க பஜார்ல ஜெகபர் சாதிக் பாய் பேட்டரி கடை கீது. அவுருகிட்ட சார்ஜ் ஏத்திக்கினு மத்தியானம் திரும்பிடுவேன். ராத்திரி வூட்ல சார்ஜ் போட்டா காலைல ரெடி."

முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. பால் கேன்களை ஏற்றி, கயிறு கட்டி, ஏகாம்பரம் மிதியை அழுத்தினான். ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. எதிரே வந்த மாடுகள் மிரளவில்லை. கூடவே ஓடிய பிள்ளைகள் சத்தம் இல்லாத ஏமாற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். உத்திரமேரூரில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, "டேங்க் எங்கய்யா?" என்று கேட்டார். டேங்க் இல்லை என்றதும் என்ன குற்றம் சொல்வது என்று தெரியாமல் அனுப்பிவிட்டார். பால் திரியாமல் போய்ச் சேர்ந்தது. கடகடவென்று குலுக்கும் எஞ்சின் இல்லாததால் நுரைகூட அதிகமில்லை என்று நிலையத்தில் சொன்னார்களாம். ஏகாம்பரம் அதைப் பத்துப் பேரிடம் சொன்னான்.

ஆனால் வண்டி ஓடத் தொடங்கியபின் அவனுடைய நிலைகொள்ளாமை கூடித்தான் போனது. ஓட்டும் தட்டின் முன்னால் ஒரு மீட்டர் இருந்தது. சார்ஜ் குறையக் குறைய அதன் முள் இடப்பக்கம் சாயும். சாலையைவிட முள்ளைத்தான் அவன் அதிகம் பார்த்தான். வீட்டுக்கு வந்தபிறகும் எழுந்து எழுந்து போய் செல்களைப் பார்ப்பான். கரண்ட் மங்கினால் வாசலுக்கு ஓடி மற்ற வீட்டு பல்புகளைப் பார்ப்பான். சாப்பாட்டில் கை வைத்தவன் பாதியில் எழுந்து போவான்.

"செத்த நேரம் உக்காந்து துன்னா அந்த பேட்டரி ஓடியா பூடும்?" என்பாள் சுலோச்சனா.

"உனுக்குத் தெரியாது. ஒருநாள் பால் நின்னுதுன்னா மறுபடி நம்மள கூப்ட மாட்டாங்க."

யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும்போது உர மூட்டை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினான். கல்யாணச் சாமான் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினான். முள் இடக்கோடிக்குப் போனபிறகும் ஓட்டினான். அப்படி வறளவிட்டு ஓட்டினால் செல் சீக்கிரம் செத்துப்போகும் என்று ஜெகபர் சாதிக் சொல்லிப் பார்த்தார். "தெரியும் பாய், நானே எத்தினி பேருக்குச் சொல்லிக் குடுத்துக்கீறேன்" என்று சிரித்தான்.

மாசி மாதத்தில் தாண்டவராயன் வந்தார். காலைப் பால் போகிறதே, மாலைப் பாலையும் கொண்டுபோனால் என்ன என்று கேட்டார். பகலில் திரும்பி வந்த வண்டிக்கு ராத்திரி முழுக்க சார்ஜ் வேண்டும். அது ஏகாம்பரத்துக்குத் தெரியாததல்ல.

"சரி தலைவரே" என்றான்.

சுலோச்சனா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "எப்டி முடியும் மாமா?" என்றாள். தலைவர் எதிரில் அவள் பேசியது அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய்விட்டான்.

மறுநாள் பிற்பகலே அது நடந்தது. உத்திரமேரூரிலிருந்து தாமதமாக வந்தவன், சாப்பிடாமல் சார்ஜரை மாட்டினான். சீக்கிரம் ஏறட்டும் என்று கரண்டை மேலே மேலே திருகினான். செல்கள் கொதிப்பதுபோல் குமிழ்விட்டன. அமிலம் தெறித்து வெளியே வழிந்ததால், திறந்து வைக்க வேண்டிய மூடிகளை அவனே திருகி மூடினான். உள்ளே தீப்பற்றும் வாயு கட்டிக்கொண்டது. சுலோச்சனா சோற்றுத் தட்டோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

"மாமா, மூடிய தொறந்து வெக்கணும்னு நீதானே சொல்லுவ?"

"நேரமாவுது, நகரு."

மாலைப் பால் கேன்கள் வந்து இறங்கும் சத்தம் தெருவில் கேட்டது. ஏகாம்பரம் சார்ஜரை நிறுத்தவில்லை. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைப் பிடித்து இழுத்தான். ஒரு சின்னப் பொறி. அடுத்த கணம் பட்டாசுக் கடையே வெடித்ததுபோல் ஒரு சத்தம். கறுப்புச் சில்லுகள் கூரையில் போய் அடித்தன. ஏகாம்பரம் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தான்.

தட்டு எங்கே விழுந்தது என்று சுலோச்சனாவுக்குத் தெரியாது. சார்ஜர் சுவிட்சை அணைத்தாள். அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அமிலம் பட்டால் தண்ணீர், நிறையத் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம் என்று அவன் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. அவன் அலறினான், கண்ணைத் திறக்க மறுத்தான். அவன் மார்பின் மேல் முழங்காலை ஊன்றி, விரல்களால் இமையைப் பிரித்து, சொம்பு சொம்பாக ஊற்றினாள். ஓடிவந்த அம்முலு மஞ்சள் அரைத்துப் போடலாம் என்றாள்.

"ஒண்ணும் போடாத. தண்ணி மொண்டு குடு!" என்று கத்தினாள் சுலோச்சனா. அம்முலு தொட்டி வற்றியதும் கிணற்றுக்கு ஓடினாள். பஸ் வரும் வரையில் அவர்கள் நிறுத்தவில்லை. பஸ்ஸிலும் ஒரு குடம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, காஞ்சிபுரம் போகும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனாள்.

உடனே கழுவியதால் ஒரு கண் தப்பும், இன்னொன்றைப் பற்றிக் கொஞ்ச நாள் போனபிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்தார்கள். உட்கார மாட்டாதவன் கட்டிலில் அசையாமல் கிடக்க வேண்டும். அவன் விரல்கள் மட்டும் போர்வை விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தன.

"சுலோ, பால் இன்னா ஆச்சி?"

"பால நெனச்சிக்கினு கீறியா நீ?"

"இன்னா ஆச்சின்னு சொல்லு."

"அப்டியே கீது. நாளிக்கும் போவாது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டுக்குள்ளிருந்து கண்ணீர் வந்ததா, மருந்து வழிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு சுலோச்சனா ஊருக்குத் திரும்பினாள். பஸ்ஸில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேல், தாண்டவராயன்மேல், வண்டிமேல். ஊரில் இறங்கியபோது சங்கத்து வாசலில் கேன்கள் காலியாக அடுக்கியிருந்தன. அவளுடைய கோபத்தில் பாதி அங்கேயே எங்கோ போய்விட்டது. மீதி வேறு ஒன்றாக மாறியது.

விஷயம் கேள்விப்பட்டு ஜெகபர் சாதிக் தாமே வந்தார். ஒரு பழைய செல்லையும், ஈயம் உருக்கும் சாமான்களையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெடித்த செல்லை எடுத்துவிட்டு வேறு செல்லை ஒட்டினார். சிந்திய அமிலம் முறிய, கொட்டகைத் தரையை சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவச் சொன்னார்.

"வண்டி சரியாப்போச்சுமா. ஏகாம்பரம் வர்ற வரிக்கும் நிக்கட்டும்."

"நின்னா செல்லு கெட்டுப்பூடாதா பாய்? சார்ஜ் எறங்கினது அப்டியே கெடந்தா உள்ள வெள்ளையா படிஞ்சிடும்னு அவுரு சொல்லுவாரு."

"ஆமா. சார்ஜ் போட்டு வெக்கணும்தான்."

"போடறத எனுக்குக் காட்டு பாய். அப்பால ஓட்றதயும் காட்டு."

அவர் அவளை ஒருதரம் பார்த்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் எல்லா மூடியும் திறந்திருக்கணும். கொட்டகைக் கதவும் திறந்திருக்கணும், காற்று ஓடணும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது. கிளிப் மாட்டின பிறகுதான் சுவிட்ச் போடணும், சுவிட்ச் அணைத்த பிறகுதான் கிளிப் எடுக்கணும். கரண்டை மெதுவாக ஏற்றணும், செல்லைத் தொட்டுப் பார்த்தால் சூடு பொறுக்கிற மாதிரி இருக்கணும். எல்லா செல்லும் ஒன்றுபோல் குமிழ்விட ஆரம்பித்தால் சார்ஜ் நிறைந்தது என்று அர்த்தம். அதற்குமேல் போட்டால் வீண். தகடு தெரிகிற மாதிரி தண்ணீர் குறைந்தால் மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றணும், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது.

"பயமா கீதாம்மா?"

"கீது. அதனாலதான் கேக்கறேன்."

ஓட்டுவது சார்ஜ் போடுவதைவிட எளிதாக இருந்தது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ஸ்டார்ட் செய்யக் கம்பி செருகிச் சுற்ற வேண்டியதில்லை. முன்னே போக, பின்னே போக ஒரு கைப்பிடி. மெதுவாக, வேகமாக ஒரு மிதி. நிறுத்த ஒன்று. களத்துமேட்டில் அவள் சுற்றிச் சுற்றி ஓட்டியபோது நெல் காயவைத்திருந்தவர்கள் எழுந்து ஓடி ஒதுங்கினார்கள். சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

தாண்டவராயன் ஒத்துக்கொள்ளத் தயங்கினார். "ஏதாவது ஆச்சின்னா என்னத்தான் சொல்லுவாங்கம்மா."

அம்முலுதான் அவர் முன்னால் போய் நின்றாள். "என் எருமைங்க பால் சொரக்காம நீ மடிய கட்டி வெப்பியா தலைவரே? அவ ஓட்டட்டும். நான் கூட போறேன்."

முதல் காலையில் அம்முலு கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சுலோச்சனா எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கண் முள்ளிலேயே இருந்தது. பாதி தூரம்வரை நேராக நின்ற முள், ஏரிக்கரை ஏற்றத்தில் சரசரவென்று சாய்ந்தது. புதிதாக ஒட்டிய செல் பழசு. மற்றவற்றோடு சேர்ந்து இழுக்க அதற்குத் தெம்பு போதவில்லை. வண்டி ஊர்ந்தது. மிதியை இன்னும் அழுத்தலாம் என்று கால் துடித்தது. ஏகாம்பரமாக இருந்தால் அழுத்தியிருப்பான்.

அவள் வண்டியை நிறுத்தினாள்.

"ஏண்டி நிறுத்திட்ட?" என்றாள் அம்முலு.

"செத்த நேரம் வுட்டா செல்லு கொஞ்சம் தெளியும். அப்பால நாம எறங்கித் தள்ளிக்கினே மேட்ட ஏத்திடலாம்."

"வெயில் ஏறுது. பால் திரிஞ்சிடும்டி!"

"தெரியும்."

அந்த நேரம் போலக் கொடிய நேரம் அவள் கண்டதில்லை. எங்கும் நிழல் இல்லை. கேன்களின் மேல் நனைத்த சாக்கைப் போட்டார்கள். ஏரியில் இறங்கி மறுபடி நனைத்துக்கொண்டு வந்தார்கள். சைக்கிளில் போன ஒருவன் நின்று, "இன்னாம்மா, கரண்ட் தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். இரண்டு தரம் மிதியில் கால் வைத்து எடுத்தாள். ஏகாம்பரம் இத்தனை நாளும் இந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே எப்படி இருந்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சோற்றில் கை வைத்தவன் ஏன் எழுந்து போனான் என்பதும்.

முள் மெல்ல நிமிர்ந்தது. அம்முலுவும், களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பின்னாலிருந்து தள்ள, சுலோச்சனா தரையில் நடந்தபடியே கையால் மிதியை மெதுவாக அழுத்தினாள். வண்டி மேட்டில் ஏறியது. அதற்கப்புறம் இறக்கம். குளிர்நிலையத்தில் ஒவ்வொரு கேனாகத் திறந்து மோந்து பார்த்தார்கள். ஒரு கேனை மட்டும் திரிந்துவிட்டது என்று கழித்தார்கள். மற்றவற்றை எடுத்துக்கொண்டார்கள். அம்முலு அங்கேயே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஜெகபர் சாதிக் கடையில் சாப்பாடு வாங்கி வைத்திருந்தார். சுலோச்சனாவால் சாப்பிட முடியவில்லை. செல்கள் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஏற்றத்துக்கு முன்னால் நின்று போவதை வழக்கமாக்கிக்கொண்டாள். இரண்டு கேன் குறைத்து ஏற்றினாள். தாண்டவராயன் முகம் சுளித்தும் அவள் அதற்குமேல் ஏற்றவில்லை. உர மூட்டைக்காரர்களிடம் முடியாது என்றாள். மாலைப் பாலைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

கட்டு அவிழ்த்தபோது ஏகாம்பரத்துக்கு வலது கண்ணில் பார்வை முழுக்க இருந்தது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனான். செல்கள் சார்ஜில் இருந்தன. எல்லா மூடியும் திறந்து, வரிசையாக ஒரு பலகைமேல் வைத்திருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. அவன் அங்கேயே நின்றான்.

"நீ ஓட்றியாமே. அக்கா சொல்லிச்சி. நான் நம்பல" என்றான்.

"நாளிக்கு நீ ஓட்டு."

"ஒத்தக் கண்ணுல தூரம் புடிபட மாட்டேங்குது. பஸ்ஸுக்கு கை காட்டுறேன்னு ஒரு மரத்துக்கிட்ட கை காட்டினேன்." சிரிக்க முயன்றான். பிறகு சொன்னான், "நீதான் மூடிய பத்தி சொன்ன. நான் கேக்கல."

"அத்த வுடு மாமா."

"எப்டி வுட்றது?" என்றவன், தரையில் உட்கார்ந்தான். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு சார்ஜ் போடுவது அவன் பொறுப்பு, ஓட்டுவது அவள் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் அவன் சும்மா இருந்துவிடவில்லை. அவள் போனபிறகு நாலு தரம் சாலைக்கு வந்து பார்ப்பான். பலவீனமான செல்லுக்குத் தனியாக சார்ஜ் போட ஒரு வழி செய்தான். ஏரிக்கரை ஏற்றத்தில் இப்போது வண்டி நிற்காமல் ஏறியது.

ஆடி மாதம் டீசல் தாராளமாக வரத் தொடங்கியது. வேனும் வந்தது. தாண்டவராயன் வந்து, தயங்கித் தயங்கி, நாளையிலிருந்து பால் வேனில் போகும் என்றார். சுலோச்சனா தலையாட்டினாள். அவர் போனபிறகு வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக நடந்தாள். மறுநாள் விடிந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏகாம்பரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரில நான் கெடந்த மாதிரியே கீற" என்றான்.

"மாமா, வேன் எங்க நிக்குது?"

"ரோட்டு மேல."

"ஏரிக்கு அந்தாண்ட கீறவங்க, ஆத்தோரம் கீறவங்க, இங்க வரிக்கும் தலைல தூக்கிக்கினுதானே வராங்க? சேத்துக்குள்ள வேன் போவாது. நம்ம வண்டி மெதுவா போவும். கொஞ்ச தூரம்தான், செல்லுக்கும் நோவாது."

அவன் அப்போதே எழுந்து நின்றுவிட்டான். "எத்தினி வூடு கீதுன்னு பாத்துக்கினு வரேன்."

"துன்னுட்டுப் போ."

அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டில் எதுவும் மிச்சமில்லை. ஒரு வாரத்துக்குள் வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. சாலைக்கு வராத சந்துகளிலும் வரப்போரங்களிலும் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவள் வருவதற்குள் பொறுமை இழந்து சிலர் எதிரே நடந்தும் வந்தார்கள்.

ஐப்பசியில் தாண்டவராயன் மகளுக்குக் கல்யாணம். சாயங்காலத்தில் சாமான் ஏற்ற வண்டி வேண்டும் என்று அவரே வந்து நின்றார். ஏகாம்பரம் வாயைத் திறந்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சாயங்காலம் வண்டி சார்ஜ்ல கீது தலைவரே" என்றாள் சுலோச்சனா. "காலைல பால் எடுத்து முடிச்சதும் அனுப்பறேன். ஒரே நடை. அதுக்கு மேல கேக்காதீங்க."

தாண்டவராயனுக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு சரி என்றார். அவர் தெரு திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு ஏகாம்பரம் டிஸ்டில்ட் வாட்டர் புட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். சுலோச்சனா பின்னாலேயே போய், அவன் ஊற்றுவதற்கு வாகாக செல்களுக்கு மேலிருந்த பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.